நாலரைக் கிலோ இரும்பு

வேடியப்பண்ணன் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. எடையைச் சொன்னார்.

1979, வைகாசி மாதம். சின்னக்கடைத் தெருவில் சகாதேவன் என்பவரின் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. தண்டராம்பட்டுக்கு மேற்கே இருக்கும் என் கிராமத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அரசுக் கலைக் கல்லூரி, வேதியியல், பி.எஸ்சி. என் தகரப் பெட்டியின் மேல் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளை வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தேன். குடையின் கைப்பிடியிலும் எழுதியிருந்தேன். சோற்றுத் தூக்கில் எழுத இடம் போதவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாகிவிட்டது. ஆர்டர் எந்த நிமிடமும் வரலாம். அதுவரைக்கும் சகாதேவனுக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டுமே என்று பில் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன்.

சர்டிபிகேட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தராசுக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு ஆள். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே கோடு போட்ட பட்டாப்பட்டி டிராயர் தெரிந்தது. காதில் பென்சில். மூட்டையைப் பார்ப்பதுபோல என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார்.

"நாப்பத்தொம்போதரை" என்றார்.

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "அம்பத்தஞ்சுக்குக் கம்மியில்ல" என்றேன்.

"ஏறு மேல."

பிளாட்பார தராசில் ஏறி நின்றேன். அவர் தராசுத் தண்டில் எடைக்கட்டையை நகர்த்தினார். முள் ஆடி நின்றது. நாற்பத்தொன்பதரை.

"செருப்போட சேத்து" என்றார். பிறகு சமாதானம் சொல்கிற குரலில், "படிச்ச பையன், அதான் கம்மி. படிப்புக்கு எடை கெடையாது பாரு" என்றார்.

அன்றிலிருந்து மண்டியில் என் பெயர் பீயெஸ்ஸி.

அவர் அந்த மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக எடையாள். மூட்டையைக் கண்ணால் பார்த்தே அரைக் கிலோ தவறாமல் சொல்லுவார்; பிறகுதான் தராசில் வைப்பார். விவசாயி சந்தேகப்பட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "நீ வேற மண்டியில போட்டுப் பாத்துட்டு வா, நான் இங்கியேதான் இருப்பேன்" என்பார். எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று ராகமாக இழுத்துப் போவார். எடைபோடும் ஆட்களுக்கெல்லாம் அது வழக்கம். நான் மட்டும் அது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது என்று அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீ பில்லுல ஒண்ணுன்னே எழுதிக்க. நான் லாபம்னு சொல்லிக்கறேன். ரெண்டு பேரும் பொழைச்சுக்குவோம்" என்றார்.

பேகோபுரத் தெருவில் அவர் வீட்டு முன்னறையில் என்னைக் குடிவைத்ததும் அவர்தான். அவர் மனைவி சந்திரம்மாள் அண்ணி எனக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவர்களின் ஒரே மகள் வள்ளியைச் செங்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அடுத்த வருஷம் ஆடியில் அவருக்குச் சோறு இறங்காமல் போனது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தட்டில் பாதி மிச்சம் வைத்தார். அண்ணி குழம்பு பிடிக்கவில்லையாக்கும் என்று வேறு குழம்பு வைத்தாள். நாலு வாய்க்கு மேல் வயிறு கல்லாகிவிடுகிறது என்றார். தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து தெருவுக்குப் போனார். சாயங்காலம் வாந்தி எடுத்தால் காலையில் தின்றது அப்படியே வந்தது. மூட்டையைப் பார்த்து எடை சொல்லுகிற மனுஷன், தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். புரட்டாசியில் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று நானும் போனேன். உடன் வந்தவர் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பி.எஸ்சி. என்றும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.

இரைப்பையின் கீழ்வாயில் புற்றுநோய்க் கட்டி. அறுத்து எடுக்க முடியும் என்றார் டாக்டர் அம்மா. ஆனால் ஐம்பத்தாறு கிலோ இருந்த ஆள் முப்பத்தெட்டுக்கு வந்திருந்தார். "இந்த உடம்போட மேசையில படுக்க வெச்சா எழுந்திரிக்க மாட்டாரு. ஒரு மூணு கிலோவாவது ஏத்திக்கிட்டு வாங்க. கஞ்சி, பால் மாதிரி தண்ணியா இருக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. முடியலன்னா உடனே வந்துடுங்க, வேற வழி இருக்கு" என்று ஒரு தேதி எழுதித் தந்தார். கார்த்திகை தீபம் கழிந்த மூன்றாம் நாள். ஆறு வாரம் இருந்தது. நாற்பத்தொன்று வந்தால் ஆபரேஷன்.

டாக்டர் அம்மா சொன்னதில் மூணு கிலோ என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக என்பதும், முடியாவிட்டால் வந்துவிடுங்கள் என்பதும் படிக்காதவர்களுக்குச் சொல்கிற வார்த்தைகள் என்று நினைத்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் வேலையில் இறங்கினேன். கல்லூரியில் கலோரிமீட்டர் பரிசோதனை செய்தவன் நான். கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி, மாவுச்சத்துக்கு நாலு. கிராஃப் தாள் வாங்கி வந்து இரண்டு சார்ட் போட்டேன். ஒன்று சாப்பாட்டு அட்டவணை: காலை ஆறு மணிக்குக் கேழ்வரகுக் கூழில் வெல்லம், எட்டுக்கு நாலு இட்லி, பத்துக்கு முட்டை இரண்டு, இப்படி ராத்திரி எட்டு வரைக்கும் இரண்டாயிரத்து நானூறு கலோரி. இன்னொன்று எடைக்கோடு: கீழே வாரம், பக்கவாட்டில் கிலோ. நாற்பத்தொன்றில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, இரண்டையும் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அரை இட்லி தின்னாலே கண் கலங்குகிற மனுஷனுக்கு நாலு இட்லி எழுதிய கை இதுதான்.

அண்ணிக்கும் எனக்கும் அன்றே சண்டை.

"முட்டை சூடு தம்பி. நோவு ஒடம்புக்கு ஆவாது. பத்தியம் வேணும். மல்லாட்டை பித்தம். தயிரு சளி. கருவாடு கவுச்சி, வாசப்படியே ஏறக்கூடாது."

"அண்ணி, பத்தியம்லாம் விஞ்ஞானம் இல்ல. புரோட்டீன் வேணும்."

"உங்க புரோட்டீன் எங்க வெளையுது?"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் விலக்குவதை எல்லாம் விலக்கிக்கொள்ளலாம். நான் சேர்ப்பதை எல்லாம் சேர்க்கலாம். முட்டையை மட்டும் நான் வாதாடி ஜெயித்தேன். இப்போது யோசித்தால், அவள் விலக்கியது போக நான் சேர்த்தது போக, அந்தத் தட்டில் அவர் கேட்டது ஒன்றுகூட இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை என்பதே காரணம்.

சாப்பாட்டு நேரம் ஒரு சபை மாதிரி ஆனது. அவர் உட்காருவார். எதிரே அண்ணி கரண்டியோடு நிற்பாள். கடிகாரத்தோடு நான் நிற்பேன். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிலைப்படியில் நிற்பாள். எல்லாரும் அவர் வாயையே பார்ப்போம்.

"இன்னும் ஒரே ஒரு வாய்ங்க, எனக்காவ" என்பாள் அண்ணி.

"போன வாய் உனக்காவதான தின்னேன்."

"இது வள்ளிக்காவ."

"அவ செங்கத்துல நல்லா தின்னுக்கினுதான் இருப்பா."

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பீயெஸ்ஸி, பசின்னு ஒண்ணு எனக்கு வர்றதே இல்லப்பா. தராசுல மூட்டையை வெச்சும் முள்ளு அசையலன்னா எப்பிடி இருக்கும், அப்பிடி இருக்குது வவுறு. வாயில எது வெச்சாலும் இரும்பை நக்குனாப்ல இருக்குது."

"மனசு வெக்கணும்ணா. மனசு வெச்சா பசி வரும்" என்றேன். எந்தப் பாடப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அண்ணி முதுகைத் திருப்பினால் முட்டை என் பக்கம் நகரும். "நீ தின்னு, நான் பாக்கறேன். பாத்தாலாவது தின்ன நெனப்பு வருதான்னு பாக்கறேன்" என்பார். நல்ல முட்டை வீணாகக் கூடாது என்று நான் தின்பேன். கூழும் அப்படியே. அட்டவணையில் போட்ட இரண்டாயிரத்து நானூறு கலோரி அந்த வீட்டில் செலவானது உண்மை. எந்த வயிற்றில் என்று நான் சார்ட் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிக்கு விடுமுறை. அவரை மெல்ல நடத்திக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்துவேன். கட்டையை நகர்த்துவது நான். அவருக்குப் பதிலாக எடை பார்த்துக்கொண்டிருந்த கண்ணாயிரமும் உடன் நிற்பான். முதல் வாரம் முப்பத்தேழே முக்கால். குறைந்திருந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அண்ணியும் நானும் பிரிவினை மறந்து ஒன்றுசேர்ந்து அவரைப் படுத்தினோம். நான் தலையைப் பிடிக்க, அவள் கூழை ஊற்ற, அவர் எல்லாவற்றையும் வாசலில் வாந்தி எடுத்தார். அதையும் ஒரு டம்ளர் என்று கணக்குப் பண்ணி, அடுத்த வேளையில் சேர்க்கச் சொன்னவன் நான்.

இரண்டாம் வாரம் முப்பத்தெட்டேகால்.

நான் துள்ளிக் குதித்தேன். அன்றைக்கு அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துவிட்டோம். ஞாயிறு முழுக்க வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் முப்பத்தொன்பதேகால். ஐப்பசிக் குளிர் என்று கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார். ஆள் மெலிந்தால் குளிர் ஜாஸ்தியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கம்பளியைத் தனியாக எடை போட்டு நானூறு கிராம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வாரமும் அதைக் கழித்தேன். துல்லியம் முக்கியம்.

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். "அண்ணன் தேறுனாப்ல தெரியலயேப்பா. கன்னம் இன்னும் உள்ளதான் போயிருக்குது."

"கண்ணு ஏமாத்தும் கண்ணாயிரம். தராசு ஏமாத்தாது."

"அண்ணன் கண்ணு ஏமாத்துனதில்லயே" என்றான் அவன். படித்தவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அதே சமயம் மண்டியில் இன்னொரு பிரச்சினை. சில்லறைத் தராசின் எடைக்கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் அரைக் கிலோக் கல். பிறகு இரண்டு கிலோக் கல் ஒன்று. பிறகு இன்னொரு இரண்டு கிலோ. முத்திரை போட்ட கற்கள். எடையளவு அதிகாரி ஆய்வுக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டும். சகாதேவன் கத்தினார். நான் ஒரு அறிவிப்பு எழுதித் தூணில் ஒட்டினேன். "மேற்படி எடைக்கற்களை அபகரித்த நபர் எவராயினும், அன்னார் தாமாக முன்வந்து ஒப்படைக்கத் தவறும் பட்சத்தில்" என்று தொடங்கி ஒரு பக்கம். மண்டியில் அதைப் படிக்கக் கூடியவர்கள் சகாதேவனும் நானும்தான். அந்த ஞாயிறு வேடியப்பண்ணன் என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அன்னார்னா யாரு?"

"கல்லை எடுத்தவன்."

"மரியாதையா எழுதியிருக்க" என்றார்.

நான் கண்ணாயிரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். முகத்துக்கு நேராகவே கேட்டும்விட்டேன். அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆறாம் வாரம், தீபத்துக்கு முந்தின ஞாயிறு, கம்பளி போக நாற்பத்தொன்று. முள் சிவப்புக் கோட்டில் நின்ற மாதிரியே எனக்குத் தோன்றியது. அவர் தராசிலிருந்து மிகவும் நிதானமாக, கால் பார்த்து இறங்கினார். தேறின உடம்பின் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டேன். ரேணுகாம்பாளின் மாமியாருக்கும் ஒரு சார்ட் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி.

தீபம் கழிந்த மூன்றாம் நாள் வேலூர். சார்ட்டைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் அம்மா ஒருவேளை பிரதி கேட்டால் என்று இரண்டாவது பிரதியும் இருந்தது. எடை பார்க்கிற நர்ஸ், மூத்தவர், சிரிக்காத முகம். ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்து, "எல்லாத்தையும் கழட்டிட்டு இதை மாட்டிக்கிட்டு வாங்க" என்று திரைக்குப் பின்னால் அனுப்பினார். வேடியப்பண்ணன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மெஷினில் நின்றார். முப்பத்தாறரை.

"உங்க மெஷின் தப்பு" என்றேன். "முத்திரை போட்டு எத்தனை வருஷமாச்சு?"

நர்ஸ் நிதானமாக என்னைப் பார்த்தார். "நீங்க ஏறுங்க."

ஏறினேன். ஐம்பத்தேழு.

"உங்க எடை எவ்வளவுன்னு நெனச்சிருந்தீங்க?"

நாற்பத்தொன்பதரை, செருப்போடு என்று சொல்ல வாய் வரவில்லை.

திரைக்குப் பின்னால் அவர் கழற்றி வைத்த துணிகளை மடிக்கலாம் என்று அண்ணி போனாள். சுருட்டிக் கிடந்த துண்டைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் எடுத்து எங்கள் முன்னால் பிரித்தாள். இரண்டு கிலோக் கல் இரண்டு, வயிற்றில் கட்டிக்கொள்ள வசதியாக முடிச்சுப் போட்டு. பட்டாப்பட்டிப் பையிலிருந்து அரைக் கிலோக் கல் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நாலரைக் கிலோ. கம்பளிக்கு நானூறு கிராம் கழித்தவன் நான்.

நான் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கல்லை எடுத்தேன். ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது.

"ஏன்ணா?" என்றேன்.

அவர் மெஷினை விட்டு இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த அங்கிக்குள் அவர் எவ்வளவு சின்னதாக இருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"எடை கொறஞ்சா அந்த வாரம் பூரா திணிக்கறீங்க. ஏறுனா ஒரு நாளு உட்டுடறீங்க. அந்த ஒரு நாளுக்குத்தான்."

"உசுரு போற விஷயம்ணா. நாப்பத்தொண்ணு இருந்தாத்தான் ஆபரேஷன்."

"தெரியும்ப்பா. இருவத்திரண்டு வருஷமா யாருக்கும் ஒரு பிடி கூடக் கொறச்சுப் போட்டதில்ல நான். இங்க வந்தா இவங்க மெஷின்ல தெரிஞ்சுடும்னும் தெரியும். அதுக்குள்ள நெஜமாவே ஏறிடும்னு பாத்தேன். ஏறல." பிறகு அண்ணியைப் பார்க்காமல் சொன்னார்: "அவ கையால ஊட்டி நான் வாந்தி எடுக்கறதை அவ அள்ளிக் கொட்டறா. அதுக்கு இரும்பு தூக்கறது ஈஸி."

அண்ணி துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

டாக்டர் அம்மா வந்து முழுக் கதையையும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். "இது நல்ல ஆரோக்கியமான ஆளுக்குப் போட்ட சார்ட்" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்து, "வேலையும் செஞ்சிருக்கு" என்றார்.

பிறகு டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பசி வராதது அவர் பிடிவாதம் இல்லை. அந்த நோய் பசியையே கெடுத்துவிடும், ருசியை மாற்றிவிடும். அதற்கு மேல், கட்டி வழியை முக்கால்வாசி அடைத்திருக்கிறது; நாங்கள் ஊட்டியது போக இடம் இல்லாமல்தான் திரும்பி வந்தது. கட்டாயப்படுத்தினால் சோற்றைக் கண்டாலே பயம் வரும். இனி காத்திருக்க முடியாது. வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு, அடைப்புக்குக் கீழே சிறுகுடலில் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிடுவார்கள். அதன் வழியாகச் சத்தான கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். எடை ஏறியதும் பெரிய ஆபரேஷன்.

அண்ணி பயந்துபோனாள். "வாயில போடாம வவுத்துல ஊத்தறது சோறா டாக்டரம்மா? நாக்குக்குத் தெரியாம உள்ள போறது ஒடம்புல ஒட்டுமா?"

"ஒட்டும்மா. குடலுக்கு அது எந்த வழியா வந்துதுன்னு தெரியாது."

வேடியப்பண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கொழாயில ஊத்துனா, வாயால தின்னுன்னு யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு எழுதியே தர்றேன்" என்றார் டாக்டர் அம்மா. நிஜமாகவே எழுதித் தந்தார். வீடு திரும்பியதும் வேடியப்பண்ணன் அந்தச் சீட்டைச் சமையலறையில் என் சார்ட்டுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டார்.

குழாய் வைத்த பிறகு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பால், முட்டை, நன்றாக வேகவைத்து வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, கொஞ்சம் எண்ணெய், சர்க்கரை, நைஸாக அரைத்த மல்லாட்டை மாவு. அவர் தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். முடிந்ததும் ஆறவைத்த வெந்நீரை ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். முட்டை சூடு, மல்லாட்டை பித்தம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தியம் வாய்க்குத்தான், குழாய்க்கு இல்லை என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேளையை அவரே கவனித்தார். புனலில் கஞ்சியை அளந்து ஊற்றும்போது வாய்க்குள் முணுமுணுத்தார். "லாபம்."

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு தடவைக்கு இருநூறு மில்லி என்றால் எத்தனை நாளில் நாற்பத்தொன்று வரும் என்று போட்டுப் பார்த்து, முந்நூற்றைம்பதாக்கினால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். ஒரே ஒரு வேளை செய்து பார்த்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு எட்டு முறை போய் வந்தார். எட்டாவது முறை திரும்பி வரும்போது, "பீயெஸ்ஸி, உனக்கு கவர்மெண்டு ஆர்டர் எப்பப்பா வரும்?" என்று கேட்டார். என் சார்ட் பணி அன்றோடு முடிந்தது. கிராஃப் தாளின் பின்பக்கத்தில் அண்ணி கோலப் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மாட்டுப் பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, அவரே தராசுக்குப் போகலாம் என்றார். மண்டியில் வேட்டியை உதறிக் காட்டினார். பட்டாப்பட்டிப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு, "நல்லாத் தடவிப் பாருடா, அன்னார் ஒருதரம் மாட்டுனவரு" என்றார். கண்ணாயிரம் சிரித்தான். அன்றைக்குத்தான் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுத்தில் இல்லை, வாயால். நாற்பத்தொன்றே கால் காட்டியது. தராசில் நிற்பதற்கு முன்பே அவர் தன் மணிக்கட்டைப் பார்த்து அதைத்தான் சொல்லியிருந்தார்.

மாசியில் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். அவர் மேசையிலிருந்து எழுந்தார். குழாயை இன்னும் சில வாரம் வைத்திருந்தார்கள். வாய் வழியாகக் கஞ்சி, பிறகு குழைந்த சோறு என்று ஆரம்பித்தது. அப்போதும் பசி என்று ஒன்று வரவில்லை. கடமைக்கு இரண்டு கரண்டி. நாங்கள் எதிரே நிற்பதில்லை. அண்ணி தட்டை வைத்துவிட்டுத் தெருப்பக்கம் போய்விடுவாள். நான் பேப்பர் படிப்பேன்; ஒரே பக்கத்தைப் பல நாள் படித்திருக்கிறேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம், ரேணுகாம்பாள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. வாசனை சுவர் ஏறி வந்தது. முன்பெல்லாம் அந்த மாதிரி வாசனைக்கு அவர் எழுந்து தெருவுக்குப் போவார். அன்றைக்கும் எழுந்தார். போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சந்திரா" என்றார். "அதுல கொஞ்சம் கேட்டு வாங்கியாயேன்."

அண்ணி திகைத்து நின்றாள். ஆபரேஷன் ஆன உடம்புக்குக் கருவாடு என்றால் எங்கள் பக்கத்தில் கொலைக்குச் சமம். என்னைப் பார்த்தாள். நெத்திலியில் புரோட்டீன் எத்தனை என்று என் வாய்க்குள் ஒரு எண் வந்து நின்றது. அதை முழுங்கினேன். டாக்டர் எழுதிய சீட்டு சுவரில் இருந்தது. அவராக வேண்டும் என்று கேட்டால் கொடுக்காதே என்று அதில் எங்கேயும் இல்லை.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, சோற்றைக் குழைத்து, மேலே குழம்பை ஊற்றி, முள் பார்த்து எடுத்துத் தட்டை வைத்தாள். வழக்கம்போலத் தெருவுக்குப் போகத் திரும்பினாள்.

"இரு" என்றார்.

நின்றாள். அவர் உருண்டை பிடித்தார். வாயில் வைத்து வெகுநேரம் மென்றார்.

"லாபம்" என்றார்.

நான் பேப்பரை இறக்கவில்லை.

"ரெண்டு."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு" என்றார். தட்டைத் தள்ளி வைத்தார். "போதும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "உப்பு கம்மி. ரேணுகா எப்பவும் கம்மியாத்தான் போடும்" என்றார்.

அண்ணி இன்னொரு வாய் என்று கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

இப்போது 1987. எனக்கு கவர்மெண்டு ஆர்டர் இன்னும் வரவில்லை. சகாதேவன் மண்டியில்தான் இருக்கிறேன். தூணில் ஒட்டுகிற அறிவிப்புகளை இப்போது கண்ணாயிரத்துக்குப் படித்துக் காட்டி, புரிகிறது என்று அவன் சொன்ன பிறகுதான் ஒட்டுகிறேன். எடைக்கற்கள் மூன்றும் பெட்டியில் இருக்கின்றன. என் எடையைக் கேட்க வேண்டாம்.

வேடியப்பண்ணன் பேகோபுரத் தெருவில் அதே வீட்டில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வேலூர் போய் வருகிறார். மூட்டை நகர்த்துவதில்லை, காலையில் இரண்டு மணி நேரம் மண்டியில் உட்கார்ந்து எடை சொல்கிறார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கைப்பிடி அளவு, அவருக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறார். எடை நாற்பத்து நான்கு.